கேட்காமல் நிறுத்திய வண்டி

ஜூன் 3, செவ்வாய்

காலையில் பேசிய முதல் வாக்கியம்: "சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க." மாலையில் பேசிய கடைசி வாக்கியமும் அதுதான். நடுவில் பேசியதும் பெரும்பாலும் அதுவே. காது டாக்டரிடம் பரிசோதனைக்காரியாக வேலை பார்ப்பவளுக்கு இதற்குமேல் என்ன பேச்சு இருக்கும்? சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள் நோயாளி, வெளியே நான், நடுவில் ஒரு மெஷின். எனக்கு வாய் இருப்பதே சில நாள் மறந்துபோகிறது.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறக்கும்போது தொண்டையைச் செருமிக்கொள்கிறேன். யாருக்காகவோ தெரியவில்லை. உள்ளே ஒரு ஈ காக்கை கிடையாது. அம்மா போனபிறகு இந்த வீட்டில் நான் மட்டும்தான். பாதி வீடு தம்பியுடையது. அவன் வெளியூரில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வான். "சாப்டியா? உடம்பு பரவாயில்லையா? சரி, வெச்சுடறேன்." மூச்சு விடாமல் மூன்றையும் ஒன்றாகச் சொல்வான்.

பொய் எழுதக் கூடாது. காலையில் எனக்கு ஒரு பேச்சு உண்டு. மூணாவது மாடி.

எதிர்க் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் நர்ஸ். பெயர் தெரியும், ஆனாலும் மனசுக்குள் அவள் மூணாவது மாடிதான். இரவு டூட்டி முடிந்து வந்து, என் வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவில் இருக்கும் சந்தில் காரை நிறுத்துவாள். சமையலறை ஜன்னல் பக்கமாகத் தலையை நீட்டி, "அக்கா, வந்துட்டேன்" என்பாள். நான் "ம், போய்த் தூங்கு" என்பேன். அவ்வளவுதான். அதற்காகத்தான் நான் அந்த நேரத்துக்குக் காபி போடுகிறேன் என்று அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

இந்தத் தெருவில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. போன வருடம் ஒருநாள் நான் வாசல் கூட்டிக்கொண்டிருந்தேன். அவள் கார் என்னைத் தாண்டிப் போனது, திரும்பி வந்தது, மறுபடியும் போனது. எனக்குத்தான் தலை சுற்றியது. "செக்குமாடு மாதிரி எத்தனை சுத்து சுத்துவே? உள்ள கொண்டுவந்து போடு" என்றேன். திட்டுகிற மாதிரிதான் சொன்னேன். எனக்கு வேறு மாதிரி சொல்ல வராது. மறுநாளே கேட் சாவி ஒன்றை அவள் கையில் திணித்தேன். வாடகை என்று வாயெடுத்தாள். "சந்துக்கு வாடகை வாங்கி நான் மாளிகையா கட்டப்போறேன்" என்றேன். அதோடு விட்டாள்.

இத்தனைக்கும் அவள் ஒருநாள்கூட வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததில்லை. நானும் அவள் மாடி ஏறியதில்லை. இதற்கு என்ன பெயர்?

ஜூன் 5, வியாழன்

இன்று "அக்கா, வந்துட்டேன்" கொட்டாவியோடு வந்தது. ஒரே புழுக்கம். மழை வந்தால் தேவலை.

ஜூன் 8, ஞாயிறு

இன்று எழுத மனசில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் நல்ல மழை. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வீடே ஒரு தரம் அதிர்ந்தது. இடி என்றுதான் நினைத்தேன். சமையலறை ஜன்னலைத் திறந்தால் புழுதி. மழைக்குள் புழுதி எப்படி வரும்? பிறகுதான் புரிந்தது. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு பெரிய துண்டு அப்படியே சரிந்து, சந்தில் நின்றிருந்த அவள் கார் மேல் விழுந்திருந்தது. முன் கண்ணாடி இல்லை. கூரை உள்ளே அமுங்கிவிட்டது. ஓட்டுகிறவர் உட்காரும் இடத்தில் செங்கல்.

அவள் தூக்கத்திலிருந்து எழுந்து அப்படியே ஓடி வந்தாள். செருப்புகூடப் போடவில்லை. காரைப் பார்க்கவில்லை, நேராக என்னிடம் வந்து என் இரண்டு தோளையும் பிடித்து, "உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றாள்.

தலையை மட்டும் ஆட்டினேன். அப்புறம்தான் அவள் திரும்பிக் காரைப் பார்த்தாள். மழையில் நனைந்துகொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள்.

சுவரில் விரிசல் இருந்தது எனக்குத் தெரியும். தம்பிக்கும் தெரியும். போன வருடமே கொத்தனார் வந்து பார்த்துச் சொன்னார். தம்பி "பாக்கலாம்" என்றான். மழைக்கு மட்டும் தெரியாது என்று நினைத்துக்கொண்டோம்போல.

அவள் கேட்டதற்கு நான் ஒரு வார்த்தை பதில் சொல்லியிருக்கலாம்.

ஜூன் 9, திங்கள்

தம்பி காலையிலேயே போன். இரவு நான் சொன்னதிலிருந்து அவனுக்குத் தூக்கமில்லையாம். யாரோ தெரிந்த வக்கீலிடம் பேசிவிட்டானாம்.

"அக்கா, நல்லாக் கேட்டுக்கோ. அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசாதே. சாரின்னு சொன்னாக்கூடத் தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். இன்சூரன்ஸ்ல இருந்து யாராவது வந்தா, அவ பாட்டுக்கு வண்டியை விட்டா, எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடு."

"தினமும் என் ஜன்னலுக்கு எதிர்லதான்டா நிறுத்துறா."

"பார்த்தே, ஆனா நீ நிறுத்தச் சொல்லலை. அவ்வளவுதான். அவ உனக்கு என்ன, ஒட்டா உறவா?"

ஒட்டும் உறவுமான ஆள் போனில் இருந்தான். அவனிடம் என்ன சொல்வது?

மாலையில் அவள் எதிர்க் கட்டடப் படியிறங்கி வருவதைப் பார்த்தேன். என்னைப் பார்த்து நின்றாள். நான் குனிந்து பையில் எதையோ தேடுகிறவள் மாதிரி தேடினேன். பையில் ஒன்றும் இல்லை. நிமிர்ந்தபோது அவள் போயிருந்தாள்.

ஜூன் 11, புதன்

தம்பி தினமும் போன் செய்கிறான். அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோதுகூட இப்படிச் செய்ததில்லை. அக்கா ஞாபகம் வர ஒரு சுவர் விழ வேண்டியிருக்கிறது.

காருக்கு மேல் யாரோ தார்ப்பாய் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். நான் வேலைக்குப் போயிருந்தபோது அவள் ஆளோடு வந்திருக்க வேண்டும். கேட்டைப் பழையபடி பூட்டிவிட்டுப் போயிருக்கிறாள். இப்போது டூட்டிக்குப் பஸ்ஸில் போகிறாள். மாலை நேரத்துப் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது.

காலையில் வழக்கமான நேரத்துக்குக் காபி போட்டேன். ஜன்னலுக்கு வெளியே நீலத் தார்ப்பாய். ஒரு சத்தமும் இல்லை. காபியை ஆறவிட்டு, ஆறிய காபியைக் குடித்தேன். சூடு பண்ணக்கூடத் தோன்றவில்லை.

ஜூன் 12, வியாழன்

இன்று ஒரு பெரியவர் வந்தார். நான் சத்தம் அனுப்பாதபோதும் கையைத் தூக்குகிறார். "ஐயா, கேட்டா மட்டும் தூக்குங்க." "கேட்டுச்சேம்மா." "இல்லையே, நான் ஒண்ணும் போடலையே." "எனக்குக் கேட்டுச்சு."

சிலர் அப்படித்தான். கேட்க வேண்டும் என்ற ஆசையிலேயே கேட்டுவிடும். டாக்டர் இதைக் கேட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. காலையில் நானும் கேட் சத்தம் கேட்டதாக நினைத்து ஜன்னல் வரைக்கும் போனேன்.

ஜூன் 16, திங்கள்

இன்சூரன்ஸ்காரர் வந்தார். லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். நல்ல மாதிரியான மனுஷன். தார்ப்பாயை விலக்கி எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்தார். மாடிக்கு ஏறிச் சுவரைப் பார்த்தார். இறங்கி வந்து ஹாலில் உட்கார்ந்தார். யாரோ ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எவ்வளவு நாளாயிற்று என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. வந்த விஷயம் என்ன, என் புத்தி போகிற போக்கு என்ன.

"அவங்க உங்களுக்குச் சொந்தமா?"

"இல்லை. எதிர்வீடு."

"இடத்தை வாடகைக்கு விட்டிருக்கீங்களா?"

"இல்லை."

"அப்ப?"

அந்த 'அப்ப'வுக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டிலும் சேராதவர்களுக்கு அவருடைய தாளில் கட்டம் கிடையாது.

அவரே விளக்கினார். நான் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லியிருந்தால் அந்த வண்டி என் வீட்டு விருந்தாளி மாதிரி. விருந்தாளி தலையில் என் சுவர் விழுந்தால் பொறுப்பு எனக்கு. கம்பெனி வண்டிக்காரிக்குக் கொடுத்துவிட்டு, கொடுத்ததை என்னிடம் வசூல் செய்யும். என்னைக் கேட்காமல் அவளாகக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தால் என் பொறுப்பு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. கம்பெனி அவளுக்குக் கொடுப்பதைக் கொடுத்து முடித்துக்கொள்ளும்.

"நல்லவேளை, அவங்களே அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்காங்க" என்றார். "உங்களைக் கேட்காம, உங்களுக்குத் தெரியாம நிறுத்தினதா. உங்களோட பழக்கமே கிடையாதுன்னும் எழுதியிருக்காங்க. நீங்களும் அதையே எழுதிட்டீங்கன்னா விஷயம் முடிஞ்சுது. ரெண்டு பேருக்கும் நல்லது."

பழக்கமே கிடையாது.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இதில் யோசிக்க என்னம்மா இருக்கு என்கிற மாதிரி பார்த்தார். ஆனாலும் வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று கிளம்பினார்.

ஜூன் 17, செவ்வாய்

பழக்கமே கிடையாதாம்.

சரி, என்ன பழக்கம் இருக்கு? அவ என் வீட்டுக்குள்ள காலடி வெச்சிருக்காளா? நான் அவ வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிச்சிருக்கேனா? "அக்கா, வந்துட்டேன்" — அதை வாட்ச்மேன்கிட்டயும்தான் சொல்லுவாங்க. நான்தான் பைத்தியக்காரி, அந்த ரெண்டு வார்த்தையை வெச்சுக்கிட்டு ஒரு குடும்பமே நடத்திக்கிட்டு இருந்திருக்கேன்.

ஆனா தெரியாம நிறுத்தினேன்னு எழுதினியே — எப்படிடி மனசு வந்துச்சு? திருட்டுத்தனமா ஏறிக் குதிச்சா வந்தே? கேட்டைத் திறந்துவிட்டது யாரு? உள்ள போடுன்னு சொன்னது யாரு?

ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரு சின்னப் பெண்ணுக்கு வலது காதுக்கான ஹெட்போனை இடது காதில் வைத்துவிட்டேன். அவள் அம்மாதான் கவனித்துச் சொன்னாள். இத்தனை வருட வேலையில் இப்படி ஆனதே இல்லை.

ஜூன் 18, புதன்

தம்பிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "அவளே எழுதிக் குடுத்துட்டாளா? கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி. கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போடு அக்கா."

"அது பொய்டா."

"பொய் அவ சொன்னது. நீ ஆமான்னு மட்டும்தானே சொல்றே."

"நான்தானே அவளை உள்ள விட்டேன்."

பிறகு வேறு குரலில் சொன்னான். "உனக்கு யாருமில்லைன்னு யாரையோ பிடிச்சு உள்ள விட்டுட்டே. சரி, ஆச்சு. அதுக்காக வீட்டை வித்தா குடுக்க முடியும்?"

யாருமில்லை என்று அவன் இத்தனை வருடத்தில் இன்றுதான் முதல்முறையாகச் சொன்னான். அது தெரிந்தேதான் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கூப்பிட்டிருக்கிறான். போனை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்றுகொண்டே அழுதேன். யாரும் பார்க்கப்போவதில்லை, உட்கார்ந்து சாவகாசமாகவே அழுதிருக்கலாம்.

ஜூன் 20, வெள்ளி

இன்சூரன்ஸ்காரர் தாளைக் கொடுத்தார். பேனாவையும் அவரே கொடுத்தார்.

எழுதினேன். "வண்டியை உள்ளே கொண்டுவந்து நிறுத்தும்படி சொன்னது நான். கேட் சாவியைக் கொடுத்ததும் நான். ஒரு வருடமாக என் சம்மதத்தோடும் விருப்பத்தோடும் நிறுத்திவருகிறார்." விருப்பத்தோடும் என்பதை எழுதிவிட்டு அடிக்கலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை.

அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, நல்லா யோசிச்சுத்தான் எழுதுறீங்களா?"

"ஆமா."

"யாரும் இப்படித் தானா தலையைக் குடுக்க மாட்டாங்க."

"பரவாயில்லை."

அவர் ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் போனார். கேட்டைச் சாத்தும்போது எதிர்க் கட்டடத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். மூன்றாவது மாடியில் திரை மூடியிருந்தது.

ஜூன் 21, சனி

நிம்மதியாகத் தூங்கினேன். இப்போது தெரியட்டும் அவளுக்கு.

ஜூன் 27, வெள்ளி

வேலையிலிருந்து வந்தால் கேட்டுக்கு வெளியே நிற்கிறாள். சாவி அவளிடம் இருக்கிறது. ஆனாலும் வெளியேதான் நிற்கிறாள்.

"எதுக்கு அப்படி எழுதிக் குடுத்தீங்க?"

அக்கா என்று கூப்பிடவில்லை.

"நடந்ததைத்தான் எழுதினேன்."

"நான் ஒண்ணு எழுத, நீங்க ஒண்ணு எழுத, கம்பெனில கையை விரிச்சிட்டாங்க. நான் பொய் சொல்லிட்டேனாம். ஒண்ணும் கிடையாதுன்னு லெட்டர் வந்தாச்சு."

எனக்குக் காது அடைத்தது. என்னிடம் வசூல் செய்வார்கள் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். அவளுக்கு ஒன்றும் கிடைக்காமல் போகும் என்று யாரும் சொல்லவில்லை. இல்லை, அவர் சொல்ல வந்தார். நான் காதில் வாங்கத் தயாராக இல்லை.

"நீ ஏன் பொய் எழுதினே? என்னைத் தெரியவே தெரியாதுன்னு?"

"பின்னே என்ன எழுதுறது? நீங்கதான் நிறுத்தச் சொன்னீங்கன்னு எழுதினா உங்க மேல பாய்வாங்க. நீங்க தனி ஆளு. ஒத்தச் சம்பளம். அதான் நான் கேட்காம நிறுத்தினேன்னு எழுதினேன். பழக்கம் இருக்குன்னா சந்தேகப்படுவாங்கன்னுதான் அதையும் எழுதினேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? சுவர் விழுந்த அன்னையிலிருந்து நீங்க என் முகத்தைப் பார்த்தீங்களா? உங்களுக்கு ஒண்ணும் ஆகலையேன்னு கேட்டேன், பதிலே இல்லை. மறுநாள் குனிஞ்சுக்கிட்டீங்க. கோவம்னு நெனச்சேன். என் வண்டியாலதான் இவ்வளவு தொல்லைன்னு."

"பேசாதேன்னு தம்பி சொன்னான்."

அவள் என்னையே பார்த்தாள். "எங்க வீட்டுக்காரரும் அதைத்தான் சொன்னாரு" என்றாள். அவர் வேறு ஊரில் வேலை பார்க்கிறார். மாதம் ஒருமுறை வந்துபோகிறவர்.

இரண்டு பேரும் சொல்பேச்சு கேட்டிருக்கிறோம். பிறந்ததிலிருந்து யார் பேச்சையும் கேட்காதவள் என்று அம்மாவிடம் பேர் வாங்கியவள் நான். கேட்டேன் பார், ஒரே ஒரு தடவை.

"மன்னிச்சிரு" என்றேன். தம்பி சொல்லவே கூடாதென்ற வார்த்தை. அதற்குள் அவள் தெருவைப் பாதி தாண்டியிருந்தாள். திரும்பாமலே, "இப்ப சொல்லி என்ன" என்றாள்.

ஜூன் 28, சனி

உண்மையைச் சொன்னவள் என்று என்னை நானே தட்டிக்கொடுக்க முடியவில்லை. உண்மைக்காகவா எழுதினேன்? என்னைத் தெரியாது என்று சொன்னாளே, அந்த ஆத்திரத்தில் எழுதினேன். "எனக்கு இவளைத் தெரியும்" என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றிருந்தது. சொல்ல வேறு ஆள் கிடைக்காமல் இன்சூரன்ஸ்காரரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

எனக்காக ஒருத்தி பொய் சொல்லியிருக்கிறாள். என் வாழ்நாளில் எனக்காக யார் பொய் சொன்னார்கள்? அதைப் போட்டு உடைத்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். நான் வாசலில் நின்றேன். அவள் மாடியிலிருந்து பார்த்தாள். வண்டி தெருமுனை திரும்பியதும் இரண்டு பேரும் உள்ளே போய்விட்டோம்.

சந்து இப்போது காலி. உடைந்த கண்ணாடித்தூள் மட்டும் கிடந்தது. பெருக்கி அள்ளினேன். அள்ள அள்ள இருந்தது.

தம்பி தினமும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். நான் எழுதிக் கொடுத்தது தெரிந்ததிலிருந்து கோபம். "நீயாச்சு உன் எதிர்வீட்டுக்காரியாச்சு" என்று சொல்லிவிட்டான்.

ஜூலை 4, வெள்ளி

யாரிடமும் பேசவில்லை. சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னதைத் தவிர.

ஜூலை 7, திங்கள்

மத்தியானம் பர்மிஷன் போட்டுவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். இழுத்துப்போன வண்டியின் பக்கத்தில் பெயர் எழுதியிருந்ததை மனசில் வைத்திருந்தேன். விசாரித்துப் போனதில் பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருந்தது. கார் ஒரு மூலையில் அப்படியே கிடக்கிறது. யாரும் தொடவில்லை.

மெக்கானிக் கை துடைத்துக்கொண்டே வந்தார். "அந்த நர்ஸம்மா இப்ப முடியாது, வெயிட் பண்ணுங்கன்னு சொல்லிட்டாங்க."

"வேலையை ஆரம்பிங்க. நான் குடுக்கிறேன்."

"நீங்க யாரு?"

மறுபடியும் அதே கேள்வி. இந்த முறை பதில் வந்தது. "சுவர் என்னோடது."

"அப்ப சரி" என்றார். மேலே ஒன்றும் கேட்கவில்லை. இன்சூரன்ஸ்காரரைவிட இவருக்குச் சட்டம் சுலபமாக இருக்கிறது.

திரும்பி வரும் வழியில் கொத்தனாருக்குப் போன் செய்து, சுவர் வேலையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்றேன். அந்த இடத்தில் இப்போதைக்குக் கயிறு கட்டிவிட்டால் போதும். மாடிக்கு நான் ஒருத்திதானே போகிறேன். விழுந்தாலும் என் வீட்டில் நானே விழுவேன், எவரும் யார் மேலும் கேஸ் போட முடியாது.

ஜூலை 9, புதன்

கதவைத் தட்டினாள். ஜன்னல் இல்லை, கேட் இல்லை, வீட்டுக் கதவு. டூட்டிக்குக் கிளம்பிய உடையில் இருந்தாள்.

"யாரைக் கேட்டு வேலையை ஆரம்பிக்கச் சொன்னீங்க?"

"யாரையும் கேட்கலை."

"என் வண்டி அது. என்னைக் கேட்காம எப்படி?"

"நீ என்னைக் கேட்காம நிறுத்தினேன்னு எழுதிக் குடுத்தல்ல? அதே மாதிரி நானும் உன்னைக் கேட்காம ரிப்பேர் பண்றேன்னு வெச்சுக்கோ."

அவள் உதடு கொஞ்சம் இளகியது. உடனே கடித்துக்கொண்டாள். "இது சிரிக்கிற விஷயம் இல்லைக்கா."

அக்கா. நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"வீட்டுக்காரர் உங்க மேல கேஸ் போடச் சொல்றாரு. நான் முடியாதுன்னேன். அதுக்கே வீட்டுல சண்டை. இப்ப நீங்க பாட்டுக்குப் போய் எல்லாத்தையும் தலையில தூக்கிக்கிட்டா, நான் அவருக்கு என்ன சொல்லட்டும்? உங்களைப் பத்திப் பேசினாலே நான்தான் ஏமாளி, உங்களைப் போய் நம்பினேன்னு சொல்றாரு."

"நம்பினது தப்புதான்."

"அதை நான் சொல்லணும். நீங்க சொல்லாதீங்க."

உள்ளே வந்து உட்கார் என்று சொல்ல வாய் வந்தது. அதற்குள் அவளே பேசினாள். பொய் எழுதியது அவள் தப்பு, மெய் எழுதியது என் தப்பு. அதனால் ஆளுக்குப் பாதி. இதற்கு மேல் இதைப் பற்றிப் பேசக் கூடாது. நான் முழுசும் என்றேன். பாதி என்றாள். நான் முக்கால் என்றேன். "காய்கறிக் கடையா இது?" என்றாள். சரி, பாதி.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். அவள் நின்ற இடத்தில் மிதியடி கோணலாகக் கிடந்தது. நேராக்கப் போனவள் அப்படியே விட்டுவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

தம்பியை நானே கூப்பிட்டேன். பாதி என்று சொன்னேன். "யாரு தீர்ப்பு சொன்னா?" என்றான். அவள்தான் என்றேன். "கோர்ட்டுக்குப் போயிருந்தா இதைவிட மோசமா ஆயிருக்கும்" என்று முனகினான். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. அவன் கேட்காததை நான் கேட்டேன். "நீ சாப்டியாடா?" கொஞ்சம் தயங்கி, "இன்னும் இல்லை" என்றான். அந்த வீட்டிலும் தனியாகத்தான் சாப்பிடுகிறானோ என்று முதல்முறையாகத் தோன்றியது.

ஜூலை 14, திங்கள்

காலையில் பஸ் ஸ்டாப்பில் அவள் நின்றுகொண்டிருந்தாள். இந்த வாரத்திலிருந்து பகல் டூட்டியாம். அது நான் கேட்டு அவள் சொன்னதில்லை. பக்கத்தில் நின்ற அம்மாளிடம் அவள் சொன்னது எனக்குக் கேட்டது. எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கும்.

இரண்டு பேருக்கும் நடுவில் இன்னும் இரண்டு பேர் நிற்கலாம், அவ்வளவு இடம் விட்டுத்தான் நின்றோம். பஸ் வந்தது. அவள் முன்னால் ஏறினாள், நான் பின்னால். உள்ளே ஒரு இரட்டை இருக்கை காலியாக இருந்தது. அவள் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இடம் இருக்கும்போது ஒருத்தி நிற்பதைப் பார்த்து யாரோ உட்கார வந்தார்கள். அவள் சீட்டில் கையை வைத்து, "ஆள் இருக்காங்க" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, "உட்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்தார். நான் சில்லறையை எடுப்பதற்குள், "ரெண்டு" என்று சொல்லி அவள் வாங்கிவிட்டாள்.

"இன்னும் கோவமாத்தான் இருக்கேன்" என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி.

"இரு" என்றேன்.

அதற்குமேல் பேசவில்லை. ராத்திரி டூட்டியிலிருந்து பகலுக்கு மாறினால் உடம்பு உடனே கேட்காதுபோல. இரண்டு நிறுத்தம் போவதற்குள் தலை ஆட ஆரம்பித்தது. முதலில் ஜன்னல் கம்பியில் இடித்துக்கொண்டாள். அடுத்த திருப்பத்தில் இந்தப் பக்கம் சாய்ந்து என் தோளில் வந்து விழுந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. நல்ல கனம். நான் மூச்சைக்கூடப் பார்த்து விட்டேன்.

என் ஸ்டாப் வந்தது. எழுந்தால் அவள் விழித்துவிடுவாள். பஸ் கிளம்பியது. கிளினிக் போர்டு ஜன்னலுக்கு வெளியே போவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அவள் ஆஸ்பத்திரி வந்ததும் கண்டக்டர் சத்தம் போட்டார். விழித்துப் பார்த்து, "ஐயோ, உங்க ஸ்டாப் போயிடுச்சே, எழுப்பக் கூடாதா?" என்றாள். வாயோரத்தைத் துடைத்துக்கொண்டே இறங்கி ஓடினாள். நானும் இறங்கித் திரும்பி நடந்தேன். தூரம்தான். வெயிலும்தான்.

போய்ச் சேர்ந்தபோது வரிசையில் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்து நின்றிருந்தார். கோபமில்லை, பயந்திருந்தார். "என்னாச்சும்மா? நீங்க லேட்டா வந்ததே இல்லையே. உடம்பு சரியில்லையா?"

"கூட ஒருத்தங்க வந்தாங்க டாக்டர், அதான்" என்றேன்.